பெயர் அழிந்த பேருந்துகள்

பணிமனையின் பின்பக்கம் கண்டம் செய்யப்பட்ட அரசுப் பேருந்துகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சீட்டு கழற்றப்பட்டு, கண்ணாடி இல்லாமல், டயர் இறங்கி நிற்கும். அடுத்து அவை போகும் இடம் காயலான் கடை. ஒரு பேருந்து வகை இப்படி மறையும்போது பேருந்துப் பிரியர்கள் என்ஜின் சத்தத்தையும் கியர் கம்பியையும் நினைத்து வருந்துகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த வண்டியில் யார் ஏறினார்கள், யாரை ஏற்ற மறுத்தார்கள், அதன் பக்கவாட்டில் யார் பெயர் இருந்தது, யார் பெயர் இருக்கக் கூடாது என்று கல் எறிந்தார்கள், அது போன பிறகு அந்தத் தடத்தில் என்ன ஓடப் போகிறது?

குந்தாரப்பள்ளி கூட்டுரோட்டில் நின்று யோசித்தால் இந்தக் கேள்விகள் தெளிவாகும். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44 ஓடுகிறது. வேப்பனப்பள்ளிக்குச் சாலை இங்கேதான் பிரிகிறது. வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஆடு மாடு வரும். நாள் முழுதும் பெங்களூரு வண்டிகள் நிற்காமல் பறக்கின்றன. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டுகின்றன. இவற்றுக்கு நடுவே கிராமங்களுக்குள் போய் வருவது அரசு டவுன் பஸ். பல நேரம் வந்து நிற்பது பழைய வண்டிதான். அந்தப் பழைய வண்டியின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

ஏறும் உரிமை எப்படி வந்தது

பொதுச் சாலையில் நடப்பதற்கே நமக்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம்தான் பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் எல்லாவற்றிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிமை உண்டு என்று சொன்னது. 1925-இல் அது அரசிதழில் வெளியானது. சாலை கிடைத்துவிட்டது, ஆனால் சாலையில் ஓடிய மோட்டார் பஸ் தனியார் கையில் இருந்தது. பல முதலாளிகள் நம் மக்களை ஏற்றவே இல்லை.

இதைத் தட்டிக் கேட்ட அதிகாரம் ஒன்று தென்மாவட்டத்திலிருந்து வந்தது. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஆதி திராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமத்தை ரத்து செய்வதாக உத்தரவிட்டார். சென்னை பாண்டி பஜார் அவர் பெயரில்தான் இருக்கிறது. உரிமம் போகும் என்றதும் பஸ் முதலாளிகளின் ஆசாரம் இறங்கி வந்தது. மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கும் காத்துக்கொண்டுதான் இருப்போம்.

1938-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் குடிமை இயலாமைகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. இன்று அதன் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். அதன் 4-ஆம் பிரிவு பொது வாகனத்தில் ஏற விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. சட்டம் இப்படி வாகனத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டி வந்தது ஏன் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே பதில். 1929-இல் அவர் பம்பாய் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினர். தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்கப் போன வழியில் சாலிஸ்காவில் இறங்கினார். குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் வண்டி கவிழ்ந்து அண்ணலின் கால் எலும்பு முறிந்தது. வெளிநாட்டில் படித்த டாக்டர், பாரிஸ்டர். ஆனால் ஒரு குதிரை வண்டிக்காரனுக்கு அவரை ஏற்றுவது கௌரவக் குறைச்சல்!

அரசு வண்டி வந்தது

1972-இல் தமிழ்நாட்டில் பெரிய தனியார் பஸ் நிறுவனங்களின் தடங்களை அரசு எடுத்துக்கொண்டது. சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. பிறகு சேலத்தில் அண்ணா, திருநெல்வேலியில் கட்டபொம்மன், விழுப்புரத்தில் தந்தை பெரியார், ஈரோட்டில் ஜீவா, நாகர்கோவிலில் நேசமணி, திருச்சியில் தீரன் சின்னமலை. நம் பகுதி அன்று தர்மபுரி மாவட்டம். இங்கே ஓடியது அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம். எம்.ஜி.ஆரின் தாயார் பெயர். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-இல்தான்.

தேசியமயம் பற்றிப் பொருளாதார நோக்கில் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நம் நோக்கில் அதன் பொருள் ஒன்றுதான்: பஸ் ஊர்ப் பெரிய மனிதரின் சொத்தாக இல்லாமல் அரசின் சொத்தாக மாறியது. கண்டக்டரும் டிரைவரும் இட ஒதுக்கீடு உள்ள அரசுக் கழகத்தின் ஊழியர்கள் ஆனார்கள். சேரியிலிருந்து ஒருவர் காக்கிச் சட்டை போட்டு, விசில் ஊதி, ஊர்க்காரர்களிடம் 'உள்ளே போங்க' என்று சொல்ல முடிந்தது. எந்தச் சட்டப் புத்தகத்தையும்விடப் பெரிய பாடம் அது.

வண்டியும் நம் பக்கத்துச் சரக்குதான். 1980-இல் அசோக் லேலண்ட் ஓசூரில் தொழிற்சாலை தொடங்கியது. சிப்காட்டும் அந்தத் தொழிற்சாலைகளும் வானம் பார்த்த பூமியாக இருந்த ஓசூரை வேறு ஊராக மாற்றின. லேலண்ட் கொடுத்த சேஸின் மேல் உடலைக் கட்டிய பேருந்துகள்தான் இங்கே கிராமத்துச் சாலைகளில் ஓடின. முன்பக்கம் என்ஜின். டிரைவருக்குப் பக்கத்தில் சூடேறும் பானெட். பட்டை வில் சஸ்பென்ஷன். ஏறுவதற்கு உயரமான படிகள். மழைக்கு இழுத்துவிடும் ஷட்டர். அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வயிற்றுப் பிள்ளையோடு அந்தப் படியில் ஏறிய பெண்களும், ஏறவே முடியாமல் நின்ற மாற்றுத்திறனாளிகளும் அதன் அழகைப் பற்றி வேறு கதை சொல்வார்கள். ஆனால் பள்ளமும் மேடுமான சாலையைத் தாங்கியது. எந்த ஊர் மெக்கானிக்கும் திறந்து பார்க்க முடிந்தது. அதனால்தான் இவ்வளவு காலம் ஓடியது.

கட்டபொம்மன் இருக்கலாம், சுந்தரலிங்கம் கூடாது

பேருந்துக்குள் சமத்துவம் வந்துவிட்டது என்று நம்பியவர்களுக்கு 1995-உம் 1997-உம் பதில் சொன்ன ஆண்டுகள்.

1995 ஜூலை இறுதியில் வீரசிகாமணியில் ஒரு பஸ் டிரைவருக்கும் தலித் மாணவர்களுக்கும் இடையே தகராறு. அது தென்மாவட்டங்களில் பெரும் சாதி மோதலாக வளர்ந்தது. ஆகஸ்ட் 31 அன்று காவல்துறை பெரும் படையாகக் கொடியன்குளத்தில் புகுந்து வீடுகளைச் சூறையாடியது. நம் மக்கள் உழைத்துச் சேர்த்த டி.வி., மிக்ஸி, சான்றிதழ் எல்லாம் உடைக்கப்பட்டன. 2021-இல் வந்த 'கர்ணன்' படத்தில் பஸ் நிற்காத ஊரைப் பார்த்தீர்களே, அந்தப் படத்தின் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய போக்குவரத்துக் கழகம் அமைந்தது. தி.மு.க. அரசு அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது. சுந்தரலிங்கம் யார்? கட்டபொம்மனின் தளபதி. கவர்னகிரியைச் சேர்ந்தவர். தேவேந்திர குலத்தில் பிறந்தவர். 1799-இல் வெள்ளையரை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர். இவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின, பஸ்கள் உடைக்கப்பட்டன.

இங்கே நின்று யோசியுங்கள் தோழர்களே. கட்டபொம்மன் பெயரில் 1970-களிலிருந்து நெல்லையில் பஸ் ஓடியது. அதில் ஏற யாருக்கும் கூச்சமில்லை. அதே கட்டபொம்மனுக்காகப் போரிட்டுச் செத்த தளபதியின் பெயர் வந்தவுடன் தீட்டுப் பட்டுவிட்டது. ராஜாவின் பெயரில் போகலாம். ராஜாவுக்காகச் செத்தவனின் பெயரில் போகக் கூடாது. ஒரு வண்டிக்கு வெளியே எழுதிய பெயர், உள்ளே உட்கார்ந்திருப்பவனைத் தீட்டாக்கும் என்றால், தீண்டாமை தொடுவதில் மட்டும் இல்லை, படிப்பதிலும் இருக்கிறது.

அரசு என்ன செய்தது? கல் எறிந்தவர்களை எதிர்த்து நிற்கவில்லை. 1997 ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயின. சேரன், சோழன், பாண்டியன் போனார்கள். பெரியார், அண்ணா, ஜீவா போனார்கள். நம் அன்னை சத்யாவும் போனது. இளைய தோழர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: சென்னையில் 1994-இல் பல்லவனிலிருந்து பிரிந்த கழகத்துக்கு டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் என்று பெயர். தலைநகரின் சாலையில் அண்ணல் பெயரோடு அரசு பஸ் ஓடியது! அந்தப் பெயரும் அதே துடைப்பில் போனது.

'எல்லோர் பெயரையும்தானே எடுத்தார்கள், இதில் பாரபட்சம் எங்கே?' என்று சிலர் கேட்பார்கள். பதில் எளிது. இருபத்தைந்து ஆண்டுகள் எல்லோர் பெயரும் இருந்தது. ஒரு தலித் பெயர் வந்ததும்தான் பெயர் என்பதே பிரச்சினை ஆனது. பொதுக் கிணற்றில் நாம் தண்ணீர் எடுத்தோம் என்பதற்காகக் கிணற்றையே மூடியவர்களை வரலாறு பார்த்திருக்கிறது. இதுவும் அந்த வகைச் சமத்துவம்தான்.

அந்த நாட்களிலேயே, ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்கள் ஐவரும் கொல்லப்பட்டார்கள். மேலூரிலிருந்து ஊர் திரும்பிய பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்தார்கள். தனித் தொகுதியில் நின்று வென்றதுதான் அவர் செய்த குற்றம். சட்டப்படி எவரும் ஏறலாம் என்ற பஸ்ஸே கொலைக்களம் ஆனது. பெயர் நீக்கமும் மேலவளவும் ஒரே வாரத்துச் செய்திகள். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஒரு வண்டி எப்படி மூப்படைகிறது

பெயர் நீக்கியதால் வண்டி நிற்கவில்லை. பெயின்ட்டை மாற்றி ஓட்டினார்கள். 1990-களில் கட்டிய வண்டிகள் புதிய பெயரோடு தம் மிச்ச நாட்களை ஓடித் தீர்த்தன. அவற்றுக்குப் பிறகு வந்தவையும் அதே முன் என்ஜின், அதே உயரப் படி, அதே பட்டை வில்.

இந்த மூப்பில் ஒரு படிநிலை உண்டு. புது வண்டி வந்ததும் தூரத் தடத்துக்குப் போகும். சில ஆண்டு ஓடி ஆட்டம் கண்டதும் மாவட்டத்துக்குள் ஓடும் ரூட் பஸ் ஆகும். அதற்கும் தாங்காது என்றானபோது டவுன் பஸ் என்று எழுதி கிராமத்துக்குள் அனுப்புவார்கள். சேலத்துக்கும் சென்னைக்கும் ஓடியபோது நம் கண்ணில் படாத வண்டி, கடைசிக் காலத்தில் நம்மிடம் வந்து சேரும். ஊரில் சாப்பிட்டு மிஞ்சியதைச் சேரிக்குக் கொடுத்த அதே பழக்கம் பஸ்ஸிலும் உண்டு. இது எந்த அதிகாரியும் உட்கார்ந்து திட்டமிட்ட சதி இல்லை. வருமானம் அதிகமுள்ள தடத்துக்கு நல்ல வண்டி என்ற கணக்கு, சாதிச் சமூகத்தில் தானாகவே போய் நிற்கும் இடம் அதுதான்.

பழைய வண்டிகள் இவ்வளவு காலம் ஓடக் காரணம் பணம். டிக்கெட் கட்டணம் பல ஆண்டு உயராது. டீசல் விலை உயரும். இடைவெளியைக் கழகங்கள் ஊழியர்களின் வைப்பு நிதி, ஓய்வுக்காலப் பணம் இவற்றை எடுத்துச் சமாளித்தன. 2018 ஜனவரியில் ஊழியர்கள் மாநிலம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தது ஊதியத்துக்காகவும் இந்த நிலுவைக்காகவும்தான். அதே மாதம் 20-ஆம் தேதி கட்டணம் ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசு கொஞ்சம் குறைத்தது. மழை பெய்தால் உள்ளே குடை பிடித்து உட்கார்ந்த பயணிகளின் படம் அந்தக் காலத்தில் அடிக்கடி செய்தியில் வரும்.

பிறகு மூன்று பக்கமிருந்து நெருக்கடி வந்தது. முதலாவது புகை விதி. 2017 ஏப்ரலில் பி.எஸ்.-4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 நாடு முழுதும் கட்டாயம் ஆனது. பழைய ரக என்ஜினில் புது வண்டி இனி வாங்க முடியாது. இரண்டாவது ஆயுள் விதி. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு முடிந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்றது ஒன்றிய அரசு. போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும் அதில் அடக்கம். மூன்றாவது தாழ்தளப் பேருந்து கேட்டு மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றத்தில் நடத்திய போராட்டம். மூன்றுமே நியாயமானவை. புகையைக் குடிப்பதும் உடைந்த வண்டியில் போவதும் ஏழைகளின் உரிமை ஆகாது.

இதற்கிடையே ஒரு நடுவழியும் வந்தது. ஓடக்கூடிய பழைய சேஸை வைத்துக்கொண்டு மேலே புது உடல் கட்டுவது. 2023 ஆகஸ்டில் அப்படிப் புதுப்பித்த 100 பேருந்துகள் மஞ்சள் நிறத்தில் வந்தன. பார்க்கப் புதுசு, கீழே பழசு. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனில் புதிய பி.எஸ்.-6 பேருந்துகள் வாங்கும் திட்டமும் நடக்கிறது. ஆக, பழைய வகை வண்டி தன் கடைசி ஆண்டுகளில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

வண்டி போகட்டும், தடம் போகக் கூடாது

இப்போது குந்தாரப்பள்ளிக்குத் திரும்புவோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. காலனியிலிருந்து கூலி வேலைக்கும், வீட்டு வேலைக்கும், மருத்துவமனைக்கும் போகும் பெண்ணுக்கு 888 ரூபாய் என்பது அரிசி மளிகை. யாரிடமும் கை நீட்டாமல் கிருஷ்ணகிரி போய் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வரலாம். பஸ் என்பது மனு கொடுக்கும் உரிமையும்கூட.

ஆனால் இந்தச் சலுகை ஒட்டிக்கொண்டிருப்பது வெள்ளைப் பலகையில்தான். கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். எக்ஸ்பிரஸுக்குக் கிடையாது. தனியார் மினி பஸ்ஸுக்குக் கிடையாது. கம்பெனி பஸ்ஸில் அடையாள அட்டை இல்லாதவர் ஏறவே முடியாது. இதைப் புரிந்துகொண்டால் ஆபத்து எங்கே என்று தெரியும். பழைய டவுன் பஸ் ஒன்றைக் கண்டம் செய்கிறார்கள். அதற்குப் பதில் என்ன வருகிறது? அதே தடத்தில், அதே நேரத்தில், அதே வெள்ளைப் பலகையோடு புது வண்டி வந்தால் நல்லது. வேறு பலகையோடு வந்தால் பெண்களின் 888 ரூபாய் போயிற்று. வண்டியே வராமல் 'தற்காலிகமாக' ஒரு நடை குறைந்தால், அந்த நடை பெரும்பாலும் திரும்பி வராது. குறைவது எந்த நடை? காலை முதல் நடையும் இரவு கடைசி நடையும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் கூலிக்காரருக்கும் வேண்டிய நடைகள்.

அமெரிக்காவில் 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரி நகர பஸ்ஸில் ரோசா பார்க்ஸ் எழுந்து இடம் கொடுக்க மறுத்தார். கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். உச்ச நீதிமன்றம் நிறவெறிச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. அந்தப் பஸ்ஸின் எண் 2857. 1970-களில் அதுவும் ஓய்வு பெற்று, ஒருவரின் நிலத்தில் பொருள் போட்டு வைக்கும் கொட்டகையாக முப்பது ஆண்டு துருப்பிடித்துக் கிடந்தது. 2001-இல் ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகம் ஏலத்தில் எடுத்துச் சீர்செய்தது. இன்று குழந்தைகள் அதில் ஏறி உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள். நம்மிடம் வீரன் சுந்தரலிங்கம் பெயர் எழுதிய ஒரு தகடு, அம்பேத்கர் போக்குவரத்துக் கழகத்தின் ஒரு டிக்கெட் எந்த அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது?

ஆகவே மாணவத் தோழர்கள் செய்யக்கூடிய இரண்டு வேலைகள். ஒன்று, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். காலனிக்கு முதல் பஸ் எந்த ஆண்டு வந்தது, நிறுத்தம் ஊருக்குள்ளா காலனியிலா, இரவு தங்கும் பஸ் எங்கே நின்றது, சண்டை வந்தால் பஸ்ஸை யார் நிறுத்தினார்கள். பழைய டிக்கெட், பாஸ், படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இரண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஊர்த் தடத்தின் நேர அட்டவணையைக் கேளுங்கள். ஐந்து ஆண்டுக்கு முன் எத்தனை நடை, இன்று எத்தனை நடை, அதில் எத்தனை சாதாரணக் கட்டணம், கண்டம் ஆன வண்டிக்குப் பதில் எந்த வண்டி. கேள்வியைப் பொதுவாக வைக்காமல் தட எண், நேரம் போட்டு வையுங்கள். பதில் வந்ததும் காலனியில் ஒட்டுங்கள்.

பழைய வண்டிக்கு நாம் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. அதன் படி உயரம், அதன் கூரை ஒழுகும், அதன் புகை கறுப்பு. ஆனால் ஒரு காலத்தில் ஏறவே விடாத சமூகத்தில், அந்தப் படியில் ஏறித்தான் நம் அம்மாக்கள் சந்தைக்குப் போனார்கள், நாம் கல்லூரிக்குப் போனோம். அந்தப் படி தாழ வேண்டும், தடம் மறையக் கூடாது. அழித்த பெயர்களையும் ஒருநாள் திரும்பக் கேட்போம். முதலில் காலை முதல் நடையைக் காப்பாற்றுவோம்.

ஜெய் பீம்!